எச்சில் ஊசி

சாக்கோட்டை நாகவல்லிக்கு ஊரார் வைத்த பேர் சுளிப்பு நாகவல்லி. காரைக்குடிக்குக் கல்யாணச் சமையலுக்குப் போகிற பெண்களில் அவளைப்போல் முகம் சுளிக்க ஆள் கிடையாது. எவளாவது கரண்டியை நக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பக் குழம்புக்குள் விட்டால் தீர்ந்தது. அந்த அண்டாவைச் சாக்கடையில் கவிழ்த்தால்தான் ஆயிற்று என்று ஒற்றைக்காலில் நிற்பாள். ருசி பார்க்கிறவள் உள்ளங்கையில் விட்டு நக்க வேண்டும், நக்கின கையைக் கழுவிவிட்டுத்தான் கரண்டியைத் தொட வேண்டும். தலைமைச் சமையல்காரர் முத்தப்பனே இந்த எச்சில் விவகாரத்தில் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார். ஆனாலும் அவளை விடமாட்டார். எண்ணெய்ச் சட்டிக்கு மேலே கையை நிறுத்தி வெள்ளைப் பணியாரம் ஊற்ற அவளை விட்டால் அந்தக் கூட்டத்தில் ஆளில்லை.

புருஷன் பெத்தனுக்கு இருந்தது வானம் பார்த்த பூமி. மழை வந்தால் நெல், வராவிட்டால் கருவேலமுள். இரண்டு பெண்பிள்ளைகளைப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்தது நாகவல்லியின் வலது கைதான். அந்தக் கைக்குத்தான் கேடு வந்தது. ஒரு வளைகாப்பு வீட்டில் இட்லிக் கொப்பரையைத் தூக்கும்போது தோள்பட்டையில் சுருக்கென்றது. போகப்போகச் சரியாகும் என்று விட்டுவிட்டாள். சரியாகவில்லை, வலி வருஷக்கணக்காய் அங்கேயே குடியிருந்துவிட்டது. தலையை அள்ளி முடியக்கூடக் கை எழும்பவில்லை. மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கியது. தைலத்தைத் தேய்த்துத் தேய்த்துத் தோல் உரிந்ததுதான் மிச்சம்.

அப்போதுதான் காரைக்குடியில் ஒரு மாடி வீட்டில் ஊசி குத்தி வலியைப் போக்குகிற அருள்முருகனைப் பற்றிக் கேள்விப்பட்டாள். செல்போன் உறை விற்றுக்கொண்டிருந்தவன், எங்கோ ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போய் வந்து அக்குபஞ்சர் என்று பலகை மாட்டிவிட்டான். பொய் சொல்லக்கூடாது, அவன் கையில் வித்தை இருந்தது. ஊசி இறங்கும்போது எறும்பு கடித்த மாதிரி இருக்கும், பிறகு தோள் கனத்துக் கதகதக்கும். சில தடவை போனதுமே நாகவல்லி தன் கொண்டையைத் தானே போட்டுக்கொண்டாள். அன்றைக்கு அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. நாலைந்து நாளில் வலி திரும்பி வரும், மறுபடி போவாள், மறுபடி கை எழும்பும்.

சந்தோஷத்தில் சும்மா இருந்தாளா? நாத்தனார் காளீஸ்வரியையும் இழுத்துக்கொண்டு போனாள். அவளும் அதே சமையல் கூட்டத்தில் காய் நறுக்குகிறவள். முட்டி தேய்ந்து, உட்கார்ந்தால் எழுந்திரிக்க முடியாது. ஊசி என்றதும் நடுங்கினவளை, நான் இருக்கிறேன் படு என்று கையைப் பிடித்துப் படுக்கவைத்தது நாகவல்லிதான். காளீஸ்வரிக்கும் குணம் தெரிந்தது.

ஒரு செட்டியார் வீட்டுக் கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது இருவரும் மறுபடி மாடி ஏறினார்கள். கல்யாணம் முழுக்கப் பலகாரம். கை வராவிட்டால் முத்தப்பன் வேறொருத்தியைப் போட்டுக்கொள்வார், வந்தவள் லேசில் இடத்தை விடமாட்டாள். கட்டில்களுக்கு நடுவே எப்போதும் தொங்குகிற திரை அன்றைக்கு இல்லை, துவைக்கப் போட்டிருந்தான். அதனால் நாகவல்லி பார்த்துவிட்டாள்.

அடுத்த கட்டிலில் ஒரு சர்க்கரை நோயாளி. கணுக்காலில் புண், அதிலிருந்து நீர் வடிகிறது, மேலே ஈ. அந்தப் புண்ணைச் சுற்றிக் குத்தியிருந்த ஊசிகளை அருள்முருகன் ஒவ்வொன்றாகப் பிடுங்கி, ஏதோ தண்ணீர் இருந்த ஒரு எவர்சில்வர் டம்ளரில் போட்டான். டம்ளருக்குக் குங்குமப் பொட்டு வேறு. இரண்டு தரம் குலுக்கினான். அதே டம்ளரோடு சிரித்துக்கொண்டே அவளிடம் வந்தான்.

நாகவல்லி தோளைச் சேலையால் இழுத்து மூடிக்கொண்டாள். அடச்சீ, இத்தனை நாளும் இதைத்தானா தோளில் வாங்கினோம்! எவன் சீழோ, எவள் ரத்தமோ! உடம்பெல்லாம் கூசியது. தோலை உரித்துப் போட்டுவிடலாம் போலிருந்தது.

"இது அந்தாளுக்குக் குத்துனதுல்ல?" என்றாள்.

"மருந்துத் தண்ணிதாங்க்கா. காலைல கற்பூரமும் காட்டியாச்சு, கிருமி ஒன்னும் நிக்காது."

கற்பூரம் காட்டினால் சாமி வேண்டுமானால் சிரிக்கும், கிருமி சாகுமா? நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்க வாயெடுத்தாள். அதற்குள் அவன் குனிந்து குரலைத் தாழ்த்தினான். "சத்தம் போடாதீக. உங்களுக்கு மட்டும் புதுசு பிரிக்கிறேன்."

எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை. பணியாரச் சட்டி கண்ணுக்கு முன்னால் வந்தது, தன் இடத்தில் வேறொருத்தி நிற்பதும் வந்தது. அவன் பொட்டலத்தைக் கிழித்தான். நாகவல்லி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு தோளைக் காட்டினாள். வலி வழக்கம்போல இறங்கிப்போனது.

நேரமானதும் அவன் ஊசிகளைப் பிடுங்கினான். பழக்க தோஷம், அவற்றையும் அந்த டம்ளரிலேயே போட்டான். குலுக்கிக்கொண்டு நேரே காளீஸ்வரியிடம் போனான். அவள் கடைசிக் கட்டிலில் சேலையை முட்டிவரை ஏற்றிவிட்டுக் கண்ணை மூடிப் படுத்திருந்தாள்.

நாகவல்லி பாய்ந்துபோய் டம்ளரைப் பிடுங்கினாள். ஊசியும் தண்ணியுமாக மூலையிலிருந்த குப்பை வாளியில் கவிழ்த்தாள். கை இம்மியும் வலிக்கவில்லை. காளீஸ்வரி திடுக்கிட்டு எழுந்தாள். நாகவல்லி அந்தப் புண்காரனைக் கைகாட்டி, நடந்ததையெல்லாம் உடைத்துச் சொன்னாள்.

"இவளுக்கும் புதுசு பிரி" என்றாள் அருள்முருகனிடம்.

"இருந்தது அந்த ஒரு பொட்டலந்தான். அதத்தான் உங்களுக்குப் போட்டுட்டேன்ல" என்றான் அவன். இனிமேல் இரண்டு பேரும் இந்த மாடி ஏறக்கூடாது என்றும் சொன்னான்.

சீ, இவனும் ஒரு மனுஷனா என்று வைதுகொண்டே நாகவல்லி மாடிப்படியில் இறங்கினாள். பாதிப் படி வந்த பிறகுதான் காளீஸ்வரி பின்னால் வரவில்லை என்று தெரிந்து திரும்பிப் பார்த்தாள். அவள் மேலே சுவரைப் பிடித்து, ஒரு காலை இறக்கி, மறு காலை அதன் பக்கத்தில் வைத்து, மூச்சு வாங்கிக்கொண்டு இறங்கினாள். பக்கத்தில் வந்ததும் நின்றாள்.

"அப்ப, தெரிஞ்சுதான் நீங்க மட்டும் புதுசப் போட்டுக்கிட்டீகளா மதினி?"

ஊருக்கெல்லாம் சுளித்த முகத்தை இப்போது எங்கே வைத்துக்கொள்வதென்று நாகவல்லிக்குத் தெரியவில்லை. வலி போன கையைத் தாங்கலாக நீட்டினாள். காளீஸ்வரி அதைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு அடுத்த படியில் காலை வைத்தாள்.