தேய்த்த கரி

2004-ல் ஓமானில், சோஹார் பக்கம் ஒரு காட்டாற்றங்கரை ஹோட்டலில் கிளீனிங் வேலை பார்த்தேன். ஒட்டகத்தில் போகிறவர்கள் ஒரு காலத்தில் தங்கிப் போன சத்திரம் அது.

"அண்ணே, நாளைக்கு முதலாளி வர்றாரு. அந்தப் பழைய அடுப்படியைப் பளிச்சுனு ஆக்குங்க, ஜல்தி!" என்றான் சூப்பர்வைசர் செல்வம். சுவரில் அப்பியிருந்த கரியைக் கை எரியத் தேய்த்தேன்.

காலையில் சென்னைக்கார மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டார். "யோவ், அந்தக் கரியைப் பார்க்கத்தான்யா கெஸ்ட்டே வர்றாங்க! உன் லீவு கேன்சல்."

அந்த மாதம் என் மகளுக்குக் கல்யாணம். செல்வம் தரையைப் பார்த்தபடி நின்றான். அவன்தான் சொன்னான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அப்போது வந்து சேர்ந்த ஓமானி முதலாளி சுவரைத் தடவிப் பார்த்தார். "யார் வந்து நின்னாலும் கேள்வி கேட்காம கஹ்வா காப்பி போட்டுக் கொடுத்ததுல பிடிச்ச கரி, பாய்," என்றார் இந்தியில். "லீவு முடிஞ்சு வந்து அடுப்பை மூட்டு. கஹ்வா போடு. தானா கறுக்கும்."

கல்யாணத்தை முடித்துவிட்டு வந்து மூட்டினேன். முதல் நாளே கோப்பையை நீட்டிக்கொண்டு வந்தவன் செல்வம்தான். நாக்கு நுனிவரை வந்த கேள்வியை விழுங்கிவிட்டு ஊற்றினேன். அந்த அடுப்படியில் வேறு என்ன செய்ய முடியும்?