விழுந்து போட்ட கோல்

சித்தூரில் நான் டிகிரி படித்த கல்லூரியில் பெண்கள் கால்பந்து அணி ஒன்று இருந்ததே பலருக்குத் தெரியாது. பாதிப் பேர் கபடியிலிருந்து வந்தவர்கள். கை நீளம் என்பதற்காக என்னைக் கோல் கீப்பர் ஆக்கினார்கள். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் எப்படியோ இறுதி ஆட்டம் வரை வந்துவிட்டோம். திருப்பதியில் ஆட்டம். எதிரே, கோப்பையை வாங்கிப் பழகிப்போன ஒரு திருப்பதிக் கல்லூரி. அவர்களுக்கு மாற்று ஆட்டக்காரர்களே ஒரு பெஞ்சு நிறைய இருந்தார்கள். எங்களில் இரண்டு பேர் காய்ச்சலில் படுத்துவிட, மிஞ்சியது சரியாகப் பதினொரு பேர்.

எங்கள் கேப்டன் வெதுருகுப்பம் பக்கத்துப் பெண். அப்பாவும் அம்மாவும் மாந்தோப்புகளில் கூலி வேலை செய்தார்கள். அவள் ஓடினால் பிடிக்க ஆள் கிடையாது. பந்தை அவள் பக்கம் தள்ளுவது தவிர எங்களிடம் வேறு திட்டமும் கிடையாது.

முதல் பாதியிலேயே அவளுடைய இடது கணுக்கால் மடங்கியது. பி.டி. சார் ஓடிவந்து பார்த்தார்.

“சாலும்மா, ஆடினது போதும். வெளிய வந்துடு.”

“நான் வந்துட்டா பத்து பேருதான் சார். ஓட முடியலன்னாலும் நின்னுக்கினாவது இருக்கறேன்.”

நின்றாள். அதன்பிறகு பந்து எங்கள் பக்கத்தை விட்டுப் போகவே இல்லை. சிலவற்றை நான் பிடித்தேன்; சிலது என் முழங்காலைத் தேடி வந்து பட்டுப் போனது. ஒன்று கம்பத்தில் மோதித் திரும்பியது.

ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் எங்களுக்கு ஒரு கார்னர் கிடைத்தது. கேப்டன் நொண்டிக்கொண்டே எதிர்க் கோலுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அவளைத் தடுக்க அவர்கள் யாரையும் நிறுத்தவில்லை. நானாக இருந்தாலும் நிறுத்தியிருக்க மாட்டேன். பந்து உயரமாக வந்தது. அவர்களுடைய கீப்பர் குத்தித் தள்ள எகிறினாள். அதற்கு மேல் எனக்குத் தெரிந்தது கும்பலான தலைகள் மட்டும்தான். விசில் கேட்டது. எல்லோரும் குனிந்து நிற்கவே, மறுபடியும் காலில்தான் அடி என்று பயந்து ஓடினேன். பந்து வலைக்குள் கிடந்தது. கேப்டன் மண்ணில் கிடந்தபடி சிரித்துக்கொண்டிருந்தாள்.

“எப்படிடீ அடிச்ச?”

“எங்க அடிச்சேன்? கால் ஊன முடியாம விழுந்தேன். நெத்தியில பட்டுது.”

மிச்ச நேரத்தை எப்படித் தாக்குப்பிடித்தோம் என்று எனக்கு நினைவில்லை. ஜெயித்துவிட்டோம். சார் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனைத் தேடினார்.

அவர்களுடைய கீப்பர் கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். பக்கத்தில் யாரும் இல்லை. ஒரு பந்தைத் தவறவிட்டால் அதுவரை பிடித்ததெல்லாம் கணக்கில் வராது என்பது கீப்பருக்குத்தான் தெரியும். என்னால் அங்கே பார்க்கவே முடியவில்லை.

“அவ கிட்ட கூட்டிக்கினு போ,” என்றாள் கேப்டன். தோளில் தாங்கிக் கூட்டிப்போனேன்.

கேப்டன் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, “ஏடவாக்கு,” என்றாள். அழாதே என்று சொல்லிவிட்டு, தான் விழுந்த கதையைத் தெலுங்கிலேயே சொன்னாள். அந்தப் பெண் மூக்கை உறிஞ்சியபடி வீங்கிய காலைப் பார்த்தாள். பிறகு தன் மணிக்கட்டில் சுற்றியிருந்த பட்டைத் துணியை அவிழ்த்து, கேப்டனின் கணுக்காலில் இறுக்கிக் கட்டினாள்.

சித்தூர் பஸ்ஸில் இருக்கும்போது என் அப்பா போன் செய்தார்.

“இன்னா ஆச்சு?”

“ஜெயிச்சிட்டோம் நைனா.”

பக்கத்தில் யாரிடமோ அதைச் சத்தமாகச் சொன்னார். பிறகு, “துன்னீங்களா எல்லாரும்?” என்றார். அப்போதுதான் காலையிலிருந்து யாரும் சாப்பிடவில்லை என்பது எங்களுக்கு உறைத்தது.

கேப்டனுக்கு எலும்பில் விரிசல். அவள் இல்லாமல் போய் ஆடிய மாநில அளவுப் போட்டியில் சரியாக வாங்கிக் கட்டிக்கொண்டோம். பல்கலைக்கழக அணிக்குக் கீப்பராக அந்தத் திருப்பதிப் பெண்ணைத்தான் எடுத்தார்கள். எனக்கு வருத்தமில்லை. அவள் என்னைவிட நல்ல கீப்பர்.