குத்துக்கல்வலசையில் ஒரு சுவீடன் பூச்சாடி

தோழி ஷபானா அனுப்பிய கல்யாணப் படங்களைக் கைபேசியில் தள்ளிக்கொண்டிருந்தபோதுதான் அது கண்ணில் பட்டது. மாப்பிள்ளைக்குப் பின்னால் ஷோகேஸ். அத்தர் பாட்டில்களுக்கு நடுவே ஒரு நீலப் பூச்சாடி. படத்தைப் பெரிதாக்கினேன். நீலம் மேலே பூசியதல்ல, தெளிந்த கண்ணாடிக்குள் மிதந்தது. அறுபது எழுபது வருடம் முன்பு சுவீடன், டென்மார்க், பின்லாந்துப் பட்டறைகளில் ஊதிச் செய்த கலைக்கண்ணாடி பற்றி இரண்டு வருடமாகப் படிக்கிறேன். ஒன்றைக்கூடத் தொட்டதில்லை.

உடனே போன் செய்தேன். ஜாடி ஷபானாவின் அக்கா மைமூனுடையது. அக்காவின் கணவர் ஷார்ஜாவில் ஒரு சுவீடன் அம்மாவுக்குப் பல வருடம் கார் ஓட்டினார். அந்த அம்மா தன் நாட்டுக்குத் திரும்பும்போது அவருக்குக் கொடுத்தது.

“மச்சானோட தம்பிமாரு அத ரெண்டு திர்ஹம் கடைச் சாமான்னு கேலி பண்ணுதாங்க. அடுத்த மாசம் மச்சான் ஒரேயடியா வாராங்க. அதுக்குள்ள நெசமான்னு தெரிஞ்சா அக்கா சந்தோசப்படுவா” என்றாள் ஷபானா.

ஞாயிறு காலை ஐந்து மணிக்கு மதுரையில் பஸ் ஏறினேன். நூற்றறுபது கிலோமீட்டர். ஒன்பதரைக்குத் தென்காசி; சாரல். பக்கத்துக் குத்துக்கல்வலசையில் இருக்கும் அக்கா வீட்டுக்கு நேரே போகவில்லை. பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு போலி வேண்டுமே! ஆட்டோவில் குற்றாலம் போனேன், நூற்றைம்பது ரூபாய். சீசன் கடையில் 280 ரூபாய்க்கு ஒரு நீல ஜாடி.

“அருவியில தல நனைக்காம ஜாடி வாங்கிட்டுத் திரும்புத ஆள இன்னைக்குத்தாம் பாக்கேன்” என்றார் ஆட்டோக்காரர்.

“இதவிட நல்லது ஒண்ணு குத்துக்கல்வலசையில இருக்கு அண்ணாச்சி.”

“அப்ப இது எதுக்கு?”

பதில் சொல்ல வழி முழுக்க ஆயிற்று.

பதினோரு மணிக்கு மைமூன் அக்கா வீடு. ஈரத்துண்டு, டீ, முறுக்கு. பிறகு மேசையில் இரண்டு ஜாடிகள். குற்றால ஜாடியின் இரு பக்கமும் அச்சின் தையல் கோடு ஓடியது. விளிம்பில் நகம் பட்டதும் நீலம் உரிந்தது. அக்காவின் ஜாடியில் கோடே இல்லை. தூக்கினால் கருங்கல் கனம். அடியில், செய்யும்போது ஒட்டிப் பிடித்திருந்த இரும்புக்கோலின் வடுவைச் சாணை பிடித்து மழமழப்பாக்கிய சின்னக் குழி. அக்கா என் முகத்தையே பார்த்தார்.

லென்ஸை வைத்தேன். பழைய ஜாடி என்றால் அடியில் கீறல்கள் தாறுமாறாக இருக்கும். இங்கே எல்லாம் ஒரே வாகில் வட்டவட்டமாக. புதிய ஜாடிக்கு வயது ஏற்ற உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார்களே, அதே கீறல்.

“டூப்ளிகேட்டாட்டி?”

“அடியில யாரோ நல்லாத் தேச்சிருக்காங்கக்கா.”

“நாந்தாம்ட்டி தேச்சேன்! ஒவ்வொரு பெருநாளைக்கு முந்தியும் கம்பி நாரும் பொடியும் போட்டுத் தேப்பேன். கீழ என்னமோ கிறுக்குன மாதிரி அழுக்கு. போவவே மாட்டேன்னுச்சு. போன வருசந்தான் கொஞ்சம் போச்சு.”

டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தேன். வட்டக் கீறல்களுக்கு அடியில் ஆழமான சில கோடுகள். வால் நீண்ட ஒரு எழுத்து, 5 போல ஒரு இலக்கம். செய்தவர் ஊசியால் கீறும் கையெழுத்து அப்படித்தான் இருக்கும். படிக்க முடியவில்லை.

சொன்னதும் அக்காவின் முகம் சுருங்கிவிட்டது. “பேர நானே அழிச்சிட்டனா?”

தயங்காமல் அப்போதே கணவரை வீடியோவில் அழைத்துச் சொல்லிவிட்டார். அந்தப் பக்கத்திலிருந்து அவர் குரல் வந்தது.

“அங்க நீ ஜாடியத் தேச்சிருக்கே, இங்க நா அந்தம்மா கார் கண்ணாடியத் தேச்சேன். சோடி சரிதான்.”

அக்கா அழுதுகொண்டே சிரித்தார். திரையிலிருந்து அவர் கணவர் என்னிடம் கேட்டார்: “ஏம்மா, அது நெசந்தானா?”

“வாயால ஊதிச் செஞ்சதுண்ணே, நல்ல கை. ஆனா இப்படி ஊதுத பட்டறை வேற நாட்டுலயும் உண்டு. கையெழுத்தப் படிச்சாத்தான் சுவீடன்னு சொல்ல முடியும்.”

“தெரிஞ்சா நல்லாருக்கும்” என்றார் மெதுவாக. “அந்தம்மா எனக்குன்னு எடுத்துத் தந்தாளா, வேண்டாம்னு கழிச்சு விட்டாளான்னு நானும் நெனச்சுக்கிடுவேன்.”

அழைப்பு முடிந்ததும் எனக்கு ஒரு வழி தோன்றியது. முகப்பவுடரைத் தடவி உலர்ந்த துணியால் துடைத்தால் மேல்கீறல்களிலிருந்து பவுடர் போய்விடும். ஆழமான கோட்டில் தங்கி எழுத்தை வெள்ளையாகக் காட்டும். அக்கா ஓடிப்போய் டப்பாவை எடுத்து வந்தார். மூடியைத் திருகப்போனவர் நிறுத்தினார்.

“வேண்டாம்ட்டி. அவங்க வரட்டும். நல்லதோ கெட்டதோ, அவங்க கையில வச்சிப் பாக்கட்டும்.”

என் விரல்கள் துறுதுறுத்தன. மதுரையில், என் அறையில் என்றால் அடுத்த நிமிடமே தடவிப் பார்த்திருப்பேன். நாலு மணி பஸ்ஸில் மலையை மேகம் மூடுவதைப் பார்த்தபடி திரும்பினேன். காத்திருக்கத் தெரியாதவள் நான். இதற்குக் காத்திருக்கலாம் என்று பட்டது. அடுத்த மாதம் அக்காவின் கணவர் வந்து இறங்கிய மறுநாள், ஜாடியை அவர் மடியில் கவிழ்த்துப் பிடிக்கச் சொல்லிப் பவுடர் போடப்போகிறோம்.