நிக்டி வீட்டுச் சுவரில் நீலா

செல்வமேரி ஆன்ட்டி சிறையில் வேலை பார்க்கிறார் என்பது பூனாவின் விஷ்ராந்த்வாடியில் எங்கள் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும். என்ன வேலை என்பதுதான் தெரியாது. கைதிகளைப் பூட்டி வைப்பவர் என்று நினைத்திருந்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். மூன்று வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு அப்பா வீட்டுக்குத் திரும்பி, அடுத்து எங்கே கிளம்பலாம் என்று யோசித்துக்கொண்டிருந்த நாட்களில் அவர் என்னை மாடிப்படியில் நிறுத்தினார்.

"ஏட்டி, சும்மாதான இருக்க?"

"இப்போதைக்கு."

"அப்ப எங்கூட வா. எங்க பிள்ளைகளுக்குப் போன்ல துட்டு அனுப்பச் சொல்லிக் குடுக்கணும். எனக்கே சரியா வரமாட்டேங்கு."

'எங்க பிள்ளைகள்' என்றது பெண் கைதிகளை. அதிலும், விடுதலை நெருங்கிவிட்டவர்களை. அவர்களை வெளியே போகத் தயார்செய்வதுதான் அவருடைய வேலை. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து கட்கியில் ஒரு ராணுவத் தொழிற்சாலை வேலைக்கு வந்தவரின் மகள் அவர். பிறந்தது, படித்தது, காக்கி போட்டது எல்லாம் இங்கேதான். மராத்தியில் அதட்டுவார், இந்தியில் சமாதானம் சொல்வார். மனம் கனத்துவிட்டால் மட்டும் தமிழ் வரும்.

சிறைக்குள் போன் கொண்டுபோக முடியாது. அதனால் அட்டையில் போன் வடிவம் வெட்டி, திரையில் வருவதை ஒவ்வொன்றாக வரைந்து எடுத்துப் போனேன். பெண்கள் அந்த அட்டையை விரலால் தட்டித் தட்டிப் பழகினார்கள். பதினான்கு வருடத்துக்கு முன் உள்ளே வந்தவர்களுக்கு, பொத்தான் இல்லாத போன் என்பதே ஒரு செய்தி.

நீலாவை அங்கேதான் பார்த்தேன். பூனாவிலேயே வளர்ந்த தமிழ்ப் பெண்மணி. குடித்துவிட்டு அடித்த கணவனை ஒருநாள் திருப்பி அடித்தார். கையில் கிடைத்தது இரும்புத் தோசைக்கல். அவன் எழுந்திருக்கவில்லை. மகள் வைஷுவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. நீலாவின் அண்ணன் அவளை வளர்த்துக் கல்யாணமும் செய்துவைத்தார். கல்யாணத்துக்குப் பிறகு வைஷு அம்மாவைப் பார்க்க வரவில்லை.

"ஹிஞ்சேவாடில வேலை. அந்த டிராஃபிக்ல எங்கேந்து வருவா?" என்று நீலா என்னிடம் சொன்னார். நான் தலையாட்டினேன்.

செல்வமேரி ஆன்ட்டிக்கு ஒரு வழக்கம் உண்டு. விடுதலைக்கு நாள் நெருங்கியவர்களுக்கு அவர் கதவு திறந்துவிட மாட்டார். தன் அறை வாசலில் வந்து நின்றுகொள்வார். கைதியும் நிற்பார். உள்ளே இருக்கும்வரை எந்தக் கதவையும் அவர்கள் தொட்டதில்லை. வேறு யாராவது திறக்க வேண்டும், அல்லது பூட்ட வேண்டும். நீலாவும் அவரும் அந்த வாசலில் எதிரெதிரே நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

"தொறங்க நீலா."

"நானா மேடம்?"

"பெறவு? உங்க வீட்டுக் கதவ நானா வந்து தொறப்பேன்?"

அந்த வீடு இருக்கிறதா என்பதுதான் கேள்வி. போக ஓர் இடம் இல்லாமல் வெளியே அனுப்பப்பட்ட பெண்கள் என்ன ஆனார்கள் என்று ஆன்ட்டிக்குத் தெரியும். அதனால் ஒவ்வொருவர் வீட்டுக்கும் முன்கூட்டியே போய்ப் பார்த்து வருவார். அக்கம்பக்கத்துக்குத் தெரியக் கூடாது என்று சீருடையில் போக மாட்டார். அலுவலக அறையிலேயே புடவைக்கு மாறி, செருப்புப் போட்டுக்கொண்டு, ஸ்கூட்டரில் கிளம்புவார்.

நிக்டியில் வைஷுவின் வீட்டுக்குப் போன அன்று நல்ல மழை. காலையிலேயே செருப்பு நனைந்து வார் அறுந்துவிட்டது. புடவைக்குக் கீழே சீருடை ஷூவையே போட்டுக்கொண்டு போய்விட்டார். மாமியார் வீட்டில் இருக்க மாட்டார் என்று வைஷு சொல்லியிருந்த நேரம் அது. நான்காவது மாடி. எல்லோரையும்போல ஷூவைக் கழற்றிக் கதவுக்கு வெளியே விட்டுவிட்டு உள்ளே போனார்.

உள்ளே போனவர் உட்காரவில்லை. ஹாலில், எதிர்ச்சுவரில் நீலா இருந்தார். பச்சைப் புடவை, காதில் ஜிமிக்கி, படத்துக்குச் சந்தன மாலை, மேலே சின்னச் சிவப்பு விளக்கு.

"காலைல ஜெயில் பேரக்ல பாத்துட்டு வந்த மொகம்ட்டி," என்று பிறகு என்னிடம் சொன்னார். "கும்பிடவா வேண்டாமான்னு தெரியல."

வைஷு அழுதாள். பெண் பார்க்க வந்தபோதே மாமா அப்படிச் சொல்லிவிட்டாராம், அம்மா காய்ச்சலில் இறந்துவிட்டாள் என்று. "நானும் அதை மறுக்கல. என் ஹஸ்பெண்ட் ஷ்ரேயஸ்கிட்ட மட்டும் பின்னாடி சொல்லிட்டேன். அத்தைக்குத் தெரியாது." மாமியார்தான் ஆசையாகப் படத்தைப் பெரிதாக்கி மாட்டினாராம், தாயில்லாப் பெண் என்று.

பேசிக்கொண்டிருக்கும்போதே மாமியார் பார்கவி வந்துவிட்டார். மழையால் பஜனையைச் சீக்கிரம் முடித்துவிட்டார்கள்.

"வெளியில யாரோட ஷூ வைஷு?"

"என்னோடதுதாம்மா," என்றார் ஆன்ட்டி. "மகளிர் சங்கத்துலேந்து வந்திருக்கேன்."

"அரே வா! சங்கத்துல இப்ப ஷூ வேற குடுக்கறாங்களா?" பார்கவி குடையை மடக்கினார். "எங்கப்பா சோலாப்பூர்ல போலீஸ் இன்ஸ்பெக்டர். தினம் காலைல இந்த ஷூவுக்குப் பாலிஷ் போட்டவ நான். சொல்லுங்க மேடம், எந்த ஸ்டேஷன்? என் பையன் என்ன பண்ணிட்டான்?"

மடக்கிய குடையைக் கீழே வைக்கக்கூட அந்த அம்மாளுக்குத் தோன்றவில்லை. மகனைப் பற்றிய பயம். இல்லை என்று சொன்னால் அடுத்த கேள்வி வரும். ஆன்ட்டி வைஷுவைப் பார்த்தார்.

"அவர் ஒண்ணும் பண்ணல அத்தை," என்றாள் வைஷு. சுவரைக் காட்டினாள். "அம்மா."

"செத்தவங்க மேல என்ன கேஸு?"

"சாகல அத்தை."

பார்கவி உட்கார்ந்துவிட்டார். நடந்ததையெல்லாம் வைஷு சொல்லச் சொல்ல, அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ரெண்டு வருஷமா ஆடி அமாவாசைக்கு இலை போட்டுப் படைச்சேனே, யாருக்குப் படைச்சேன் நான்?"

அன்று சாயங்காலம் ஆன்ட்டி எங்கள் வீட்டு வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை.

"என் ஷூவால வந்த வினை," என்றார். "இத்தன வருஷத்துல இப்படி ஒரு தப்புப் பண்ணதில்ல. மெதுவா, பக்குவமா சொல்ல வேண்டியத வாசல்ல கழட்டிப் போட்டுட்டு வந்திருக்கேன்."

"நீலா அக்காகிட்ட படத்தைப் பத்திச் சொல்லாம விட்டுடலாமே?" என்றேன்.

"அவ வெளிய போயி, அந்தக் கதவத் தொறந்து, அத அவளே பாக்கவா?"

வெளியே பார்த்ததை உள்ளே மறைப்பதில்லை என்பது அவர் தனக்குத் தானே போட்டுக்கொண்ட விதி. மறுநாள் சொன்னார். அட்டை போன்களை அடுக்கியபடி நானும் அந்த அறையில் இருந்தேன். எழுந்து போகலாமா என்று யோசிப்பதற்குள் பேச்சு தொடங்கிவிட்டது.

நீலா முழுவதும் கேட்டார். பிறகு, "எந்தப் படம் மேடம்?" என்றார்.

"பச்சப் பொடவ. ஜிமிக்கி."

"ஸ்கூல் ஆண்டு விழாவுல எடுத்தது. அன்னிக்கு வைஷு டான்ஸ் ஆடினா." அட்டை போன் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "மாலை நிஜப் பூவா?"

"சந்தன மால."

"நல்லது. வாடாது."

ஆன்ட்டி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இரண்டு வாரம் கழித்து வைஷுவும் பார்கவியும் சிறைக்கு வந்தார்கள். சந்திப்பு அறையில் பணியில் இருந்தது செல்வமேரி ஆன்ட்டிதான். வைஷு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பார்கவி பேசினார். கோபமாகப் பேசவில்லை என்பதை ஆன்ட்டி பிறகு என்னிடம் அழுத்திச் சொன்னார்.

"நான் யோசிச்சுட்டேன். நீங்க எங்க வீட்டுக்கே வாங்க. வைஷுவோட அம்மாவுக்குத் தங்கச்சி, ஊர்லேந்து வந்திருக்காங்கன்னு பில்டிங்ல சொல்லிடறேன். படத்தை எல்லாரும் பாத்திருக்காங்க. ஜாடை ஒண்ணா இருந்தா யாரும் கேக்க மாட்டாங்க. பேர் மட்டும் வேற வெச்சுக்கணும்."

"அந்தப் படம்?" என்று கேட்டார் நீலா.

"அது இருக்கட்டும். எடுத்தா ஏன்னு கேப்பாங்க."

நல்ல வீடு. சொந்த மகள். மூன்று வேளை சாப்பாடு, கதவு வைத்த ஓர் அறை. விடுதலையாகும் எத்தனையோ பேருக்கு இதில் ஒன்றுகூடக் கிடைப்பதில்லை. ஒத்துக்கொள் என்று சொல்ல ஆன்ட்டிக்கு நாக்கு நுனி வரை வந்ததாம். சொல்லவில்லை. முடிவு எடுப்பதும் கதவு திறப்பதைப் போலத்தான், அவர்களே செய்ய வேண்டும் என்று வைத்திருந்தார்.

நீலா ஒரு வாரம் எடுத்துக்கொண்டார். பிறகு ஆன்ட்டியின் அறைக்கு வந்து சொன்னார்:

"அந்தம்மா நல்லவங்க மேடம். தப்பா எடுத்துக்காதீங்க. தங்கச்சியாப் போனா எனக்குப் பொண்ணு கிடைப்பா. அவளுக்கு அம்மா கிடைக்க மாட்டா. வாய் நிறைய சித்தின்னுதான் கூப்பிடணும். தினமும் என் படத்துக்குக் கீழ உக்காந்து நான் சாப்பிடணும், அவ பாத்துட்டிருக்கணும். முடியாது."

"வேற எடம் இப்ப கையில இல்ல நீலா. தெரியும்லா?"

"தெரியும்."

அதற்குப் பிறகு ஆன்ட்டி ஓடிய ஓட்டம் எனக்குத் தெரியும். தெரிந்த கான்வென்ட் சிஸ்டர்கள், தெரியாத டிரஸ்டுகள், கேட்டவுடன் போனை வைத்தவர்கள், "என்ன குற்றம்?" என்று மட்டும் கேட்டவர்கள். கடைசியில் ஆலந்தி ரோட்டில் ஒரு பெண்கள் விடுதியில் சமையல் வேலையும், மூன்றாவது மாடியில் ஓர் அறையும் கிடைத்தன. விடுதலை நாள் காலையில் வைஷு மட்டும் வந்து, ஆட்டோவில் அம்மாவை அழைத்துப் போனாள். ஆன்ட்டி வாசலோடு நின்றுவிட்டார். விடுதலையானவர்களை அவர் தேடிப் போவதில்லை. "என்னப் பாத்தா அவளுக்கு உள்ள இருந்ததுதான் ஞாபகம் வரும்," என்பார்.

அதனால் நான் போனேன். இப்போது நிஜ போன். அதில் நீலா தடுமாறினார், அட்டையே மேல் என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் வைஷுவும் ஷ்ரேயஸும் வருவார்கள். பார்கவி கீழே காரிலேயே உட்கார்ந்திருப்பார். ஜன்னலிலிருந்து பார்த்தால் காரின் கூரை தெரியும். யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

தீபாவளி முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, வைஷு மேலே வருவதற்கு முன்னால் கதவு தட்டப்பட்டது. நீலா போய்த் திறந்தார். பார்கவி நின்றுகொண்டிருந்தார், மூச்சு வாங்கிக்கொண்டு.

"மூணு மாடி, லிஃப்ட் இல்ல. உங்க பொண்ணு இதையும் சொல்லல பாருங்க."

நீலா நாற்காலியை இழுத்துப் போட்டுத் தண்ணீர் கொடுத்தார். பார்கவி குடித்து முடித்தார். அறையைச் சுற்றிப் பார்த்தார்: கட்டிலை, அலமாரியை, என்னையும் ஒரு தரம்.

"உங்கள என்னன்னு கூப்பிடறது எனக்குத் தெரியல," என்றார்.

"சம்பந்தின்னு கூப்பிடுங்க."

பார்கவி டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார்.

"பில்டிங்ல சொல்ல எனக்கு இன்னும் வாய் வரல. படம் அப்படியேதான் இருக்கு. மாலையை மட்டும் கழட்டிட்டேன். நாலு நாளாச்சு, யாரும் கவனிக்கல."

மாடிப்படியில் வைஷுவின் குரல் கேட்டது. நான் கிளம்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் எதிர்வீட்டுக் கதவைத் தட்டி எல்லாவற்றையும் சொன்னேன். ஆன்ட்டி நின்றபடியே கேட்டார்.

"அதுக்கு நீலா என்ன சொன்னா?"

"டேபிள் ஃபேனை அந்தம்மா பக்கம் திருப்பி வெச்சாங்க ஆன்ட்டி."

அவர் தலையை ஆட்டினார். பிறகு, வீட்டுக்குள் போகாமல், அங்கேயே மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார்.