ரயில் பெட்டியில் ஒரு சட்டசபை

எழுபதுகளில், திருத்தணியிலிருந்து சென்னைக்குப் போகும் காலை ரயிலில் எங்கள் பெட்டிக்கு ஒரு சட்டமன்ற உறுப்பினர் வருவார். பெரிய தொந்தி, தோளில் துண்டு, அந்த உடம்புக்குப் பொருந்தாத கீச்சுக் குரல். சபையில் பேசப்போவதை ரயிலிலேயே ஒத்திகை பார்ப்பது அவர் வழக்கம். ஓடாத மின்விசிறிதான் சபாநாயகர். எதிரே அகப்பட்டவர் மந்திரி.

ஒருநாள் நான் அகப்பட்டேன்.

அவர் எழுந்து விசிறியைக் கும்பிட்டார். “எங்க எல்லை ஊரு ஆஸ்பத்திரிக்கு லேடி டாக்டர் எப்பங்க வருவாங்க? பிரசவ வலியோட பொம்பளைங்க பஸ் புடிச்சு திருத்தணிக்கு வந்துகினு இருக்காங்க. மந்திரி பதில் சொல்லணும்.”

“கோரிக்கை அரசின் பரிசீலனையில் உள்ளது” என்றேன். அது எனக்கு மனப்பாடம்.

பெட்டியே சிரித்தது. அவர் பையிலிருந்து மூன்று தாள்களை எடுத்துக் காட்டினார். “ஆங், மூணு தபா கேட்டேன், மூணு தபாவும் இதேதாங்க! எழுதனவன் ஒரு எழுத்து மாத்தலியே. ஆமா, நீங்க எங்க வேலைங்க?”

“சர்க்கார் ஆபீசுங்க” என்று மட்டும் சொன்னேன். மந்திரிக்கு அந்தப் பதில்களை எழுதிக் கொடுத்தவன் நான்தான்.

அன்று என் மேசையில் அவருடைய நான்காவது கேள்வி காத்திருந்தது. வெகுநேரம் பேனாவை உருட்டிவிட்டு, ‘தீவிரப் பரிசீலனையில் உள்ளது’ என்று எழுதினேன்.

மறுவாரம் ரயிலேறியவர் என்னை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே விசிறியைக் கும்பிட்டார். “ஒரு வார்த்தை முன்னேறியிருக்குதுங்க, தலைவரே!”

அதற்குப் பிறகு அவர் என்னை மந்திரியாக்கவே இல்லை.