ஷ்வேப்யிதாவில் ஒரு தாய்வீடு

என் மனைவி இங்கே பர்மாவில், பசுந்தாங் டவுன்ஷிப்பில் ஒரு தனியார் பிரசவ கிளினிக்கில் நர்ஸாக இருந்தாள். சேரும்போது தந்த ஒப்பந்தத்தின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, அம்மன் படத்தடியில் வைத்துக் கும்பிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள். வேலையை விட்டால் ஒரு வருஷத்துக்கு அந்த டவுன்ஷிப்பில் எங்கும் பிரசவம் பார்க்கக் கூடாது என்று அதில் ஒரு வரி. முழங்கால் வலி தாங்காமல் அவள் வேலையை விட்ட பிறகுதான் அதன் கனம் தெரிந்தது.

எங்கள் கீழ்மாடிப் பெண்ணுக்குத் தலைப்பிரசவம். பயந்த சுபாவம். "அக்கா பக்கத்துல இல்லேன்னா நான் பெத்துக்கவே மாட்டேன்" என்று எங்கள் வாசலில் உட்கார்ந்து அழுதாள்.

"வயித்துலயே வச்சுக்குவியா? கையெழுத்துப் போட்டுட்டேன்டி" என்றாள் என் மனைவி. சொல்லிவிட்டு அவளும் அழுதாள்.

அம்மன் சாட்சியாகப் போட்ட கையெழுத்து. மீற எனக்கு மனசில்லை. பிள்ளைத்தாச்சியை அழவிடவும் மனசில்லை. பூஜையில் இருக்கும்போது வழி தோன்றியது. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே? அந்தத் தாய்வீடு வேறு டவுன்ஷிப்பில் இருந்துவிட்டால்? ஒரே சிக்கல், பெண்ணின் அம்மா மகளோடு அதே வீட்டில்தான் இருக்கிறார்.

"ஷ்வேப்யிதா டவுன்ஷிப்புல உங்க தம்பி வீடு இருக்கே, அதைத் தாய்வீடு ஆக்கிடுங்க" என்றேன் அந்த அம்மாவிடம். எல்லோரும் மெச்சினார்கள். அம்மாவின் சோற்றுப் பானையும் தலையணையும் பஸ் ஏறிப் போயின.

வளைகாப்புக்கு கிளினிக்கின் பெரிய டாக்டரம்மாவும் வந்தார்; பர்மிய வழக்கப்படி எல்லோரும் அவரை 'சயாமா' என்றுதான் கூப்பிடுவோம். பெண் அவரிடம்தான் செக்கப் போய்வந்தாள், அழைக்காமல் முடியாது. பர்மியர்தான், ஆனால் நம் வீட்டு விசேஷங்கள் அவருக்கு அத்துப்படி.

"அடுத்து தாய்வீட்டுக்கு அனுப்புவீங்க, இல்லையா?" என்று கேட்டார். "ஆனா தாய் இதோ ஆரத்தித் தட்டோட நிக்கிறாங்களே. வீடு எங்க?"

"ஷ்வேப்யிதாவுல, சயாமா. முந்தாநாள்லேர்ந்து" என்றார் அம்மா, தலையைக் குனிந்துகொண்டு.

"நிறைமாசக்காரிய அவ்வளவு தூரமா? இது யாரோட யோசனை?"

பந்தியில் இருந்தவர்கள் புளிசாதக் கையோடு என்னைக் காட்டினார்கள்.

என் மனைவி முன்னால் வந்தாள். "அவரைத் திட்டாதீங்க, சயாமா. உங்ககிட்ட நான் போட்ட கையெழுத்துதான் காரணம்."

"எதிர்லயே நீ கிளினிக் திறந்துட்டா என் பேஷன்ட் எல்லாம் உன் பின்னாடி வந்துடுவாங்களே? அந்தப் பயத்துல எழுதின வரி அது."

"நாலு படி ஏறினா உக்காந்துடுறேன். நான் எங்க கிளினிக் திறக்கிறது?"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "சரி, இவளுக்கு மட்டும் வா."

"நாளைக்கு இன்னொருத்தி வந்து வாசல்ல அழுவாளே, சயாமா?"

டாக்டரம்மா அந்தப் பெண்ணின் கையிலிருந்த வளையல்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே யோசித்தார். நான் மனசுக்குள் அம்மனைக் கூப்பிட்டேன்.

"கிளினிக் மட்டும் திறக்காதே. யார் கூப்பிட்டாலும் போ. மாத்தி எழுதித் தர்றேன்" என்றார். சொன்னபடியே தந்தார்.

டாக்டரம்மாவின் கிளினிக்கிலேயே பிரசவம் ஆனது. ஆண் பிள்ளை, அம்மன் கிருபை. என் மனைவி வெளியே வந்தபோது அவள் வலது கை சிவந்து வீங்கியிருந்தது. வலி எடுத்ததிலிருந்து அந்தப் பெண் பிடியை விடவே இல்லையாம். விரலை மடக்க முடியவில்லை. வாசல் கடையில் மொஹிங்கா என்ற மீன் சூப் நூடுல்ஸ் வாங்கி நான்தான் ஸ்பூனால் ஊட்டினேன்.

"சுடுது, ஊதிக் குடுங்க" என்று அதட்டினாள். ஊதிக் கொடுத்தேன்.