தங்கச்செல்வி கேட்ட காரணம்

தங்கச்செல்வி அக்கா காரியாபட்டிப் பக்கம் பிறந்து, திருச்சுழிக்கு அருகே எங்கள் ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவர். கணவர் சீனிச்சாமி கரி லோடு லாரியில் போனால் திரும்ப நாளாகும். அக்கா அருப்புக்கோட்டையில் ஒரு மில்லுக்கு வேலைக்குப் போனார். மில் வேன் வரும் நேரத்தில்தான் தெருக்குழாயிலும் தண்ணீர் வரும். அதனால் மூத்தவள் சுகப்பிரியா குடம் சுமந்தாள்.

எட்டாம் வகுப்பு படிக்கையில் அவளுக்கு ஒரு தோள் இறங்கித் தெரிந்தது. மதுரை ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருந்தது.

நாத்தனார் பெத்தம்மாள் வாசலில் நின்றே சொன்னார். "வளர்ற பிள்ள இடுப்புல குடத்த ஏத்தி ஒடிச்சுப்புட்டு, இப்ப ஆஸ்பத்திரிக்கு அலையுறா."

அக்கா மில்லை விட்டு நின்றார். தண்ணீர் முழுவதையும் தானே சுமந்தார். இளையவள் பிருந்தா ஒரு செம்பு மொண்டால்கூட ஓடிவந்து வாங்கிக்கொள்வார். பிள்ளைக்குத் தண்ணீரை வாயில் ஊற்றிவிடவும் ஓர் ஆள் வைக்கச் சொல்லித் தெருவில் கேலி செய்தார்கள்.

ஒருநாள், இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவள் என்று, ஆஸ்பத்திரித் தாளோடு என்னிடம் வந்தார். டாக்டர் வேகமாகச் சொன்னதில் ஒன்றும் பிடிபடவில்லையாம்.

"தண்ணி தூக்குனதுனால வந்துச்சுன்னு போட்ருக்கா, பாரு தாயி. மறைக்காமச் சொல்லு."

நோயின் பெயருக்கு முன்னால் 'இடியோபதிக்' என்று ஓர் அடைமொழி இருந்தது. கிரேக்கத்தில் 'இடியோஸ்' என்றால் தனக்கே உரியது; 'பதோஸ்' என்றால் துன்பம். வேறொரு நோயிலிருந்து வராமல் தானாகவே தோன்றிய நோயை முன்பு அப்படிச் சொன்னார்கள். இன்று, காரணம் தெரியாத நோய்க்கு மருத்துவர்கள் அந்தச் சொல்லை எழுதுகிறார்கள். இதையெல்லாம் அவருக்குப் புரியும்படி சொன்னேன். குடம் சுமப்பதால் இந்த வளைவு வருவதில்லை என்பதையும் தேடிப் படித்துச் சொன்னேன். மனம் ஆறி, பெத்தம்மாள் வீட்டுக்குத்தான் முதலில் போவார் என்று நினைத்தேன்.

அவர் முகம் வெளிறிவிட்டது.

"குடம் இல்லையா?"

"இல்லக்கா."

"அப்ப சின்னவள நான் எதுல இருந்து காப்பாத்துறது?"

அக்கா தாளை அங்கேயே விட்டுவிட்டு எழுந்து போனார். எடுத்துக்கொண்டு பின்னால் போனேன்.

பிருந்தா வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அக்கா அவளை எழுப்பி நிறுத்தி, மதுரையில் டாக்டர் மூத்தவளைச் செய்யச் சொன்னதுபோல, குனிந்து கால்விரலைத் தொடச் சொன்னார். சட்டையை மேலே தூக்கி, ஜன்னல் வெளிச்சம் விழும்படி திருப்பி, அந்தச் சின்ன முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"போதுமாம்மா?"

"இன்னுங் கொஞ்சம் குனி."

சுகப்பிரியா தன் முதுகைச் சுவரோடு அழுத்திக்கொண்டு, தங்கையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.